கோவளத்தை விட்டுக்கொடுத்த அப்பா

“டாக்டருக்குப் படிக்கிறா, டீச்சருக்குப் படிக்கிறான்னா சொல்லிக்கலாம். ஐரோப்பா அரசியல் படிக்கிறான்னு நாலு பேர்கிட்டே எப்படிம்மா சொல்றது? அந்த ஊர்ச் சண்டையை இவ போய்த் தீர்க்கப் போறாளா?”

என் மாமியார் இப்படிக் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் கேட்டதில் தப்பும் இல்லை. என் மனத்தில் இருந்த கேள்வியும் அதுதான். அவர் வாய்விட்டுக் கேட்டார், நான் கேட்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

எங்களுக்குச் செங்கற்பட்டு. கொளவாய் ஏரிக் காற்று வரும் தெருவில் வீடு. இவருக்கு ரயில்வேயில் உத்தியோகம். ஒரே பெண். விடியற்காலை ரயிலைப் பிடித்துச் சென்னைக்குப் போய் பி.ஏ. வரலாறு படித்தாள். படிப்பு முடிந்த கையோடு ஒரு வரன் வந்தது. நல்ல மனிதர்கள், பையனுக்கும் நிரந்தர வேலை. ஆவணியில் கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். அவள் பிறந்ததிலிருந்து சீட்டுக் கட்டியும், வாய்க்கும் வயிற்றுக்கும் மிச்சம் பிடித்தும், முப்பது பவுன் சேர்த்து வைத்திருந்தேன். என் பொறுப்பு முடியப் போகிறது என்று நிம்மதியாக இருந்தேன்.

அந்தச் சித்திரையில்தான் அவளுக்குக் கடிதம் வந்தது. ‘ஐரோப்பிய அரசியலும் சமூகமும்’ என்று ஒரு முதுகலைப் படிப்பு. பிராகாவில் உள்ள சார்லஸ் பல்கலைக்கழகம், போலந்தில் யாகெல்லோனியப் பல்கலைக்கழகம், நெதர்லாந்தில் லெய்டன், பார்ஸிலோனாவில் பொம்பேயு ஃபாப்ரா ஆகிய நான்கும் சேர்ந்து நடத்துவது. எங்களுக்குத் தெரியாமல் மனுப் போட்டிருக்கிறாள். இடம் கிடைத்துவிட்டது. உதவித்தொகைதான் கிடைக்கவில்லை. கட்டணத்தையும் இரண்டு வருடச் சாப்பாட்டுச் செலவையும் கூட்டிப் பார்த்தார் இவர். பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, பேசாமல் எழுந்து போய் ஏரிப் பக்கம் நடந்துவிட்டு வந்தார்.

நகை ஒரு பக்கம், கடிதம் ஒரு பக்கம். வீட்டில் பத்து நாள் யாரும் யாருடனும் சரியாகப் பேசவில்லை.

காதுகுத்துக்குப் போன இடத்தில்

அந்தச் சமயத்தில் சதுரங்கப்பட்டினத்தில் உறவுக் குழந்தைக்குக் காதுகுத்து. அத்தைக்குப் பிறந்த ஊர் அது. திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ் ஏறி நாங்கள் மூன்று பெண்களும் போனோம். சாப்பாடு முடிந்ததும், “ஆயா, உங்க கோட்டையைக் காட்டேன்” என்றாள் பெண். “அங்கே என்னடி இருக்கு, சின்ன வயசுலே ஆடு மேய்ச்ச இடம்” என்று சொன்னாலும் அத்தைக்கு உள்ளூர சந்தோஷம்தான். முன்னால் நடந்தார்.

செங்கல் மதில். வாசலில் பீரங்கிகள். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் டச்சுக்காரர் கோட்டை. உள்ளே சின்னக் கல்லறைத் தோட்டம். அதில் பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுக் கற்கள். படுக்க வைத்த பலகைக் கல்லில் டச்சு எழுத்தை அவ்வளவு அழகாக வெட்டியிருக்கிறார்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் கடல்.

“ஒல்லாந்தர் கோட்டைன்னு எங்கப்பா சொல்லுவாரு. எதுக்கு வந்தாங்களாம் இங்கே?” என்றார் அத்தை.

“துணி வாங்க வந்தாங்க ஆயா. இந்தப் பக்கத்துத் தறியிலே நெய்த மெல்லிசுத் துணிக்கு அங்கே அவ்வளவு கிராக்கி” என்று ஆரம்பித்தாள் பெண். அவள் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன்.

1754 ஜனவரியில் இதே சதுரங்கப்பட்டினத்தில் ஒரு பஞ்சாயத்து நடந்திருக்கிறது. சென்னையிலிருந்து ஆங்கிலேயர்களின் ஆட்கள். புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுக்காரர்களின் ஆட்கள். கர்நாடகத்துக்கு யார் நவாப் என்பதில் இரண்டு பேருக்கும் வருஷக்கணக்காகச் சண்டை. சண்டைக்காரர் இருவரும் மூன்றாவது ஆள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுவதுபோல, டச்சுக்காரர் ஊரில் உட்கார்ந்து பேசினார்கள். பேச்சு முறிந்தது. அந்த வருஷமே புதுச்சேரி கவர்னர் டூப்ளேயைப் பிரான்ஸ் திரும்ப அழைத்துக்கொண்டது.

இருபத்தேழு வருஷம் கழித்து, ஐரோப்பாவில் ஆங்கிலேயருக்கும் டச்சுக்காரருக்கும் போர் மூண்டபோது, 1781-ல் இந்த ஊரை ஆங்கிலேயர் பிடித்தார்கள். அடுத்த வருஷம் பிப்ரவரி 17-ஆம் தேதி இந்தக் கரைக்கு எதிரே கடலில் ஆங்கிலேயக் கப்பல்களும் பிரெஞ்சுக் கப்பல்களும் மோதின. கடைசியாக 1824-ல் லண்டனில் ஓர் ஒப்பந்தம். இந்தியாவில் இருந்த டச்சு ஊர்களும் மலாக்காவும் ஆங்கிலேயருக்கு. சுமத்ராவில் ஆங்கிலேயரிடம் இருந்த பென்கூலன் டச்சுக்காரருக்கு. மலேசியா வேறு, இந்தோனேசியா வேறு என்று பின்னால் ஆனதற்கு அடிப்படைக் கோடு அந்தக் காகிதத்தில்தான் விழுந்ததாம்.

“எங்க ஊரை எழுதிக் கொடுத்தாங்களே, எங்களை ஒரு வார்த்தை கேட்டாங்களா?” என்றார் அத்தை.

“அதைத்தான் ஆயா நான் படிக்கணும்கிறேன். அங்கே யார் உட்கார்ந்து எப்படி முடிவு பண்றாங்கன்னு தெரியலேன்னா, நம்மளை எழுதிக் கொடுத்தது கூடத் தெரியாமே போயிடும்.”

அத்தை பதில் சொல்லவில்லை. கல்லறைப் பலகைமேல் கிடந்த சருகுகளைக் கையால் ஒதுக்கிவிட்டார்.

வியன்னாவில் ஒரு அப்பா

மறுநாள் காலை பெண் பிடிவாதம் பிடித்தாள். “வந்தது வந்தோம், மாமல்லபுரம் தாண்டிக் கோவளம் வரைக்கும் போயிட்டுத் திருப்போரூர் வழியா வீட்டுக்குப் போகலாம்.” கிழக்குக் கடற்கரைச் சாலை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்த அத்தைக்கு மாமல்லபுரக் கோபுரத்தைப் பார்த்ததும் பாதிக் களைப்புப் போய்விட்டது.

கோவளத்தில் இறங்கினோம். மீன் வலை உலர்த்தும் கரை, தேவாலயம், தர்கா, கடலோரம் ஒரு பெரிய விடுதி. அங்கே மணலில் உட்கார்ந்துதான் அவள் அந்தக் கதையைச் சொன்னாள். சகோதரிகளே, இந்தக் கட்டுரையை நான் எழுத உட்கார்ந்ததே அந்தக் கதைக்காகத்தான்.

1720-களில் இந்தக் கோவளத்தில் ஒரு கம்பெனியின் பண்டகசாலை இருந்தது. ஆங்கிலக் கம்பெனியும் இல்லை, டச்சுக் கம்பெனியும் இல்லை; ஆஸ்டெண்ட் கம்பெனி. இன்றைய பெல்ஜியத்தில் உள்ள துறைமுகம் ஆஸ்டெண்ட். அந்தப் பகுதி அன்று வியன்னாவில் இருந்த ஆஸ்திரியச் சக்கரவர்த்தி ஆறாம் சார்லஸின் ஆட்சியில் இருந்தது. 1722 டிசம்பரில் அவர் இந்தக் கம்பெனிக்குச் சாசனம் கொடுத்தார். வியாபாரம் நன்றாகவே நடந்தது. வடக்கே சென்னையில் இங்கிலீஷ்காரன், தெற்கே சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரன். நடுவில் ஒரு புதுக் கடை வந்து ஓகோவென்று ஓடினால் பக்கத்துக் கடைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? லண்டனும் ஹேக்கும் கூச்சல் போட்டன.

சக்கரவர்த்திக்கு வேறொரு கவலை. அவருக்கு ஆண் வாரிசு இல்லை. மூத்த மகள் மரியா தெரசா, 1717-ல் பிறந்தவள். ‘எனக்குப் பின் என் ராஜ்யம் முழுவதும் என் பெண்ணுக்கு’ என்று அவர் ஓர் ஆணை பிறப்பித்திருந்தார். ஆனால் அக்கம்பக்கத்து ராஜாக்கள் ஒப்புக்கொள்ள வேண்டுமே! ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்குவதே அவருக்கு வாழ்நாள் வேலையாகிவிட்டது. இங்கிலாந்து கையெழுத்துக்கு விலை சொன்னது: “ஆஸ்டெண்ட் கம்பெனியை மூடு.” 1727-ல் கம்பெனியின் சாசனத்தை நிறுத்தி வைத்தார். 1731-ல் வியன்னா ஒப்பந்தத்தில் அடியோடு மூடச் சம்மதித்தார். இங்கிலாந்தும் கையெழுத்துப் போட்டது.

“பெத்த பொண்ணுக்காகவா இந்தக் கோவளத்தை விட்டுக் கொடுத்தான்?” என்றார் அத்தை, கடலைப் பார்த்துக்கொண்டே.

“ஆமாம் ஆயா. ஒரு முழுக் கம்பெனியையே.”

“நல்ல அப்பன்.”

“முழுசாக் கேளு.”

கையெழுத்து காப்பாற்றவில்லை

1740 அக்டோபரில் சக்கரவர்த்தி காலமானார். மரியா தெரசாவுக்கு அப்போது இருபத்து மூன்று வயது, வயிற்றில் பிள்ளை. இரண்டே மாதத்தில் பிரஷ்யா அரசன் ஃபிரெடரிக், சைலீஷியா என்ற வளமான மாகாணத்துக்குள் படையோடு புகுந்தான். பவேரியாவும் பிரான்சும் அவன் பக்கம் சேர்ந்தன. அப்பா அத்தனை விலை கொடுத்து வாங்கிய கையெழுத்துகளில் பல, காற்றில் பறந்தன. கஜானாவில் பணம் இல்லை, படை பலவீனம். எல்லாவற்றையும்விடப் பெரிய குறை ஒன்று உண்டு. பெண்ணுக்கு ராஜ்யம் வேண்டும் என்று இருபது வருஷம் அலைந்த அந்த அப்பா, ராஜ்ய காரியம் என்ன என்பதை அந்தப் பெண்ணுக்குச் சொல்லித்தரவே இல்லை!

இதைக் கேட்டபோது எனக்கு என்னவோ செய்தது. மடியில் இருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

மரியா தெரசா எட்டு வருஷம் போராடினாள். சைலீஷியா போனது போனதுதான். மற்றதைக் காப்பாற்றிக்கொண்டாள். கைக்குழந்தையோடும் கர்ப்பத்தோடும் ஆட்சியைக் கற்றுக்கொண்டு, நாற்பது வருஷம் ஆண்டாள். பதினாறு பிள்ளைகள் பெற்றாள். 1767-ல் பெரியம்மை கண்டு பிழைத்தவள், அடுத்த வருஷமே தன் பிள்ளைகளுக்கு அம்மைப்பால் குத்த வைத்தாள். 1774-ல் ஆண், பெண் இரு பாலாருக்கும் பள்ளிப் படிப்பு கட்டாயம் என்று சட்டம் போட்டாள்.

அந்தப் போர் நம்மையும் விடவில்லை. அதே சண்டையில் இங்கிலாந்து ஒரு பக்கம், பிரான்ஸ் ஒரு பக்கம். 1746 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் சென்னைக் கோட்டையைப் பிடித்தார்கள். 1748-ல் சமாதானம் பேசியபோது, கனடாப் பக்கம் இங்கிலாந்து பிடித்திருந்த லூயிபுர்க் கோட்டையைப் பிரான்சுக்குக் கொடுத்துச் சென்னையை மீட்டுக்கொண்டது. வியன்னாவில் ஒரு பெண்ணின் சொத்துரிமை. சென்னையில் கொடி மாற்றம்! எங்கள் செங்கற்பட்டுக் கோட்டையும் தப்பவில்லை. 1751-ல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது, 1752-ல் கோவளத்தையும் செங்கற்பட்டையும் கிளைவ் பிடித்தான். இன்று அந்தக் கோட்டைக்குள்ளே புகுந்துதான் ரயில் போகிறது. இவர் முப்பது வருஷமாக அந்த ரயிலில் போய் வருகிறார்!

“இவ்வளவு பட்டவ, தன் பொண்ணுங்களையாவது நல்லா வைச்சாளா?” என்று கேட்டார் அத்தை. அவருக்குத்தான் இந்தக் கேள்வி தோன்றும்.

“அதுதான் இல்லே ஆயா. ராஜ்யத்துக்கு உறவு தேடிப் பெண்களைக் கட்டிக் கொடுத்தா. கடைசிப் பெண்ணைப் பதினாலு வயசிலே 1770-லே பிரான்சுக்கு அனுப்பினா. அவதான் மேரி அன்டாய்னெட். 1793-லே அவ தலையையே வெட்டிட்டாங்க.”

அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். பஸ் ஏறும்வரை பேசவில்லை.

அப்படி என்னதான் சொல்லித் தருகிறார்கள்?

வீட்டுக்கு வந்ததும் நானே அவளை உட்கார வைத்துக் கேட்டேன். “பழைய கதை சரி. இன்னைக்கு இதுலே என்ன இருக்கு?”

தலைமுறை தலைமுறையாக வெட்டிக்கொண்ட பங்காளிகள் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுக்கச் சம்மதித்த கதை என்று சொல்லலாம். இரண்டு உலகப் போருக்குப் பிறகு, பீரங்கி செய்ய வேண்டிய நிலக்கரியையும் எஃகையும் யார் கையிலும் தனியாக விடக்கூடாது என்று 1951-ல் ஆறு நாடுகள் பொதுவில் வைத்தன. பிரான்சும் மேற்கு ஜெர்மனியும் அதில் சேர்ந்தே இருந்தன. 1957-ல் ரோம் ஒப்பந்தம், 1992-ல் மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தம் என்று வளர்ந்து, இன்று 27 நாடுகள். 1973-ல் சேர்ந்த இங்கிலாந்து 2020 ஜனவரி 31-ல் தனிக்குடித்தனம் போய்விட்டது. ஒரு கூட்டுக் குடும்பம் எப்படி நடக்கிறது, யார் சமையல், யார் செலவு, மனஸ்தாபம் வந்தால் யார் தீர்ப்பது என்பதுதான் பாடம்.

நமக்கு இதில் என்ன? முட்டுக்காட்டில் உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இந்தக் கடலோரம் நெடுக இறால் குஞ்சுப் பண்ணைகள். குளோராம்பெனிகால் போன்ற தடைசெய்த மருந்தின் சுவடு இறாலில் இருந்தால் ஐரோப்பா சரக்கையே திருப்பி அனுப்பிவிடும். அந்த விதியைப் போடுவது பிரஸ்ஸல்ஸில். அதனால் கலங்குவது இங்கே குளத்தில் கடன் போட்டவன். 2007-ல் ஆரம்பித்து, 2013-ல் நின்று, 2022-ல் மறுபடி தொடங்கிய வியாபார ஒப்பந்தப் பேச்சும் அப்படித்தான். எதிரே உட்காருகிறவர்களைப் படித்தவர்கள் நம் பக்கத்திலும் வேண்டாமா?

பெண்களுக்கு அங்கே இடம் உண்டா என்றும் கேட்டேன். 1979-ல் மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த முதல் ஐரோப்பியப் பாராளுமன்றத்தின் தலைவி சிமோன் வேய். சிறு பெண்ணாக இருந்தபோது ஹிட்லரின் ஆஷ்விட்ஸ் முகாமில் அடைபட்டுப் பிழைத்தவர். பிரான்சில் சுகாதார மந்திரியாக இருந்தவர். 2019-ல் ஐரோப்பிய ஆணையத்தின் தலைவி ஆன உர்சுலா ஃபொன் டெர் லையன் ஒரு டாக்டர்; ஏழு பிள்ளைகளின் தாய். “பதினாறோ ஏழோ எனக்கு வேண்டாம்மா” என்று சிரித்தாள் பெண். பத்து நாளில் அன்றுதான் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

அத்தையின் தீர்ப்பு

அன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் அத்தை எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

“அந்த ராஜா பொண்ணுக்கு நாடு முழுக்க எழுதி வைச்சான். எழுதினது நிக்கலே. அவ கத்துக்கிட்டதுதான் நின்னுது. நீயும் முப்பது பவுனை எழுதி வைச்சிருக்கே. அதுவும் கையெழுத்து மாதிரிதாம்மா. எதிராளி மதிக்கிற வரைக்கும்தான். அதை அவ படிப்புக்கு வை.”

“கல்யாணம்?” என்றேன்.

“வர்றவன் வருவான். ரெண்டு வருஷம் காத்திருக்க மாட்டானாமா?”

பிள்ளை வீட்டார் காத்திருக்கவில்லை. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மரியாதையாகவே விலகிக்கொண்டார்கள். எனக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. நகையை பாங்கில் வைத்தோம். மீதிக்குக் கல்விக் கடன். இப்போது அவள் லெய்டனில் படித்துக்கொண்டிருக்கிறாள். நகை இன்னும் பாங்கில்தான் இருக்கிறது. மாதாமாதம் வட்டி கட்டுகிறோம். நல்ல வேலை கிடைக்குமா என்று இன்றைக்கு உறுதி சொல்ல முடியாது. ஆனாலும் தூக்கம் வருகிறது.

அனுப்பப்போகும் அம்மாக்களுக்கு

நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

உதவித்தொகையை முதலில் பாருங்கள். எராஸ்மஸ் முண்டஸ் கிடைத்தால் கட்டணமும் இல்லை, 2021-ல் வந்த விதிப்படி மாதம் 1,400 யூரோவும் உண்டு. செப்டம்பரில் சேர, முந்தின வருஷம் ஐப்பசி, கார்த்திகையிலேயே மனுவைத் தயார் செய்ய வேண்டும். ஏன் படிக்கிறேன் என்ற கடிதத்தைப் பெண்ணே எழுதட்டும். காசு வாங்கிக்கொண்டு எழுதித் தருகிறவர்களிடம் போகாதீர்கள். ஆதிதிராவிட, பழங்குடி மாணவர்களுக்குத் தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் இருக்கிறது.

கடல் தாண்ட முடியாவிட்டாலும் படிப்பு உண்டு. தில்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் ஐரோப்பிய ஆய்வுக்கென்றே ஒரு மையம் இருக்கிறது. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் அரசியலும் சர்வதேச உறவுகளும் முதுகலையாக இருக்கிறது. எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் டச்சுக்காரர் விட்டுப்போன பழைய ஆவணங்களே இருக்கின்றன. எங்கே படித்தாலும் ஓர் ஐரோப்பிய மொழியை இப்போதே ஆரம்பிப்பது நல்லது.

கிளம்பும் முன் ரத்தச் சோகை இருக்கிறதா, தைராய்டு சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பல்லை இங்கேயே சரி செய்துவிடுங்கள். அங்கே செலவு ஜாஸ்தி. மூக்குக் கண்ணாடி இரண்டு ஜோடி. மருந்து எடுத்துப் போனால் டாக்டர் சீட்டும் கூடவே இருக்கட்டும். நெதர்லாந்தில் நினைத்தவுடன் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட முடியாது. முதலில் ஒரு குடும்ப டாக்டரிடம் பெயர் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

மார்கழி மாதம் அங்கே நாலரை மணிக்கே இருட்டிவிடுகிறது. வெயிலில் வளர்ந்த உடம்பு வாடும், மனசும் வாடும். என் பெண் ஒரு நாள் போனில், “காரணமே இல்லாமே அழுகை வருதும்மா” என்றாள். மத்தியானம் கொஞ்ச நேரம் வெளிச்சத்தில் நடக்கச் சொன்னேன். டாக்டரைப் பார்க்கச் சொன்னேன். வைட்டமின் ‘டி’ குறைவு என்று மாத்திரை கொடுத்தார்கள். கூடவே பருப்புப் பொடியும், வாரத்தில் இரண்டு நாள் ஆயாவோடு பேச்சும்.

போன வாரம் அத்தை போனில் அவளிடம் கேட்டார்: “ஏண்டி, ஒல்லாந்தர் ஊரிலேதானே இருக்கே? எங்க ஊர்க் கோட்டையை யார் கேட்டு வாங்கினாங்க, யார் கேட்டுக் கொடுத்தாங்கன்னு விசாரிச்சியா?”

“விசாரிச்சுக்கிட்டே இருக்கேன் ஆயா.”

“விடாதே” என்றார் அத்தை.